மாப்பிள்ளை பேரில் ஐந்து கஜம்

ஃபொலாரினின் கல்யாணத்துக்கு விலை, ஐந்து கஜம் நாலாயிரத்து ஐந்நூறு நைரா. பெண்களுக்குத் தலைக்கட்டுத் துணி தனி. பேரம் கிடையாது.

பெண் யார், தேதி என்ன, எந்த மண்டபம்… எதுவும் ஃபொலாரினுக்குத் தெரியாது. விலை மட்டும்தான் தெரிந்தது. அதுவும் அபெயோகுடாவிலிருந்து பெரியம்மா ஃபோன் செய்ததால்.

"ஏண்டா, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சரி, போகட்டும். எனக்கு ரெண்டு துணி எடுத்து வை. அது வெங்காயத் தோல் நிறமா, இல்ல ரோஸா? படத்துல சரியாத் தெரியல."

"எந்தப் படம் பெரியம்மா?"

"உன் கல்யாணத் துணிப் படம்தான். உன் ஃபேஸ்புக் சுவத்துல ஒட்டியிருக்கே. பேத்தி காமிச்சா."

2010, ஜூலை மாதத்து வெள்ளிக்கிழமை. லாகோஸ் பலோகுன் சந்தையில், அம்மாவின் கடையில், துணிப் பொதிகளுக்கு நடுவே நின்றுகொண்டு ஃபொலாரின் தன் பிளாக்பெர்ரியை எடுத்தான். அந்தச் சின்ன உருண்டையைக் கட்டைவிரலால் உருட்டி உருட்டிப் பக்கம் திறந்த காலம் அது. படம் மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கும். ஒரு முகம் முழுதாக வருவதற்குள் இரண்டு வாடிக்கையாளரிடம் பேரம் முடித்துவிடலாம்.

முதலில் எழுத்து வந்தது. 'மொரெனிகே – ஃபொலாரின் திருமணம். குடும்பத் துணியை இப்போதே பதிவு செய்யுங்கள்.' பிறகு வெங்காயத் தோல் நிறத்தில் ஒரு லேஸ் துணி. பிறகு ஒரு வங்கிக் கணக்கு எண். பிறகு யாபா பேட்டையில் ஒரு முகவரி. கடைசியில், கோடு கோடாக, ஒரு பெண்ணின் முகம்…

அந்த முகத்தை அவனுக்குத் தெரியும். நேரில் பார்த்ததில்லை. இரண்டு வருஷமாக அவன் நண்பர் பட்டியலில் இருக்கிறாள். ஒரு வார்த்தை பேசியதில்லை.

மகன் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அம்மா ஃபோனைப் பிடுங்கினாள். சந்தை முழுக்க அவளை மம்மி ஃபோலா என்று கூப்பிடும். முப்பது வருஷமாக லாகோஸின் பாதிக் கல்யாணங்களுக்குத் துணி கொடுத்தவள். விருந்தாளிகள் எல்லாரும் ஒரே துணி உடுத்தி வந்து உட்கார்ந்தால்தான் அந்த ஊரில் அது கல்யாணம். இல்லையென்றால் வெறும் சாப்பாடு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். பெண் யார் என்று கேட்கவில்லை. எப்போதிலிருந்து என்றும் கேட்கவில்லை.

"எந்தக் கடைத் துணிடா இது?" என்றாள். "துணிக்காரி மகன் கல்யாணத்துக்கு வேற கடைத் துணியா?"

"அம்மா, கல்யாணமே இல்ல. இது ஏதோ மோசடி."

"அது இருக்கட்டும். எந்தக் கடைன்னு கேட்டுட்டு வா."

*

பாலத்தின் மேல் மஞ்சள் வேன் ஊர்ந்தது. காயலில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. யாபாவில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நடந்து, ஒரு இன்டர்நெட் கடைக்கு மேலே இருந்த மாடிப்படியை ஃபொலாரின் கண்டுபிடித்தபோது, அவன் மேல் காய்ந்த இடம் என்று எதுவும் மிச்சமில்லை.

வரும் வழியெல்லாம் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே வந்தான். நல்ல நல்ல வார்த்தைகள். கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு மேசை, ஒரு பழைய லேப்டாப், முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண். சேர்த்து வைத்ததில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"என் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடவே இல்லையே?" என்றான்.

அவள் திரும்பினாள்.

துணிக்கடையில் வளர்ந்தவனுக்கு நிறங்களின் பெயர் எல்லாம் தெரியும். அபெயோகுடாவில் நீலிச் சாயத்தில் பத்து முறை முக்கியெடுத்த துணிக்கு ஒரு கறுப்பு வரும்… ஈரமாக இருக்கும்போது மட்டும் மினுங்கும், காய்ந்தால் போய்விடும். அந்தக் கறுப்பைக் காயாமல் வைத்திருந்தன அவள் கண்கள். கஜம் என்ன விலை என்று மனசு பழக்க தோஷத்தில் கேட்டது. வாயை மூடு என்றான் மனசிடம்.

"யாரு நீங்க?" என்றாள் மொரெனிகே.

"மாப்பிள்ளை."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் நீட்டிய ஃபோனைப் பார்த்தாள். சட்டென்று லேப்டாப் பக்கம் திரும்பி எதையோ தட்டினாள். கை அப்படியே நின்றது.

"நேத்து மோடத்துல காசு தீர்ந்துபோச்சு… இப்பத்தான் போட்டேன். நான் பாக்கவே இல்ல…"

"நான் பாத்தேன். எங்க பெரியம்மா பாத்தாங்க. அபெயோகுடாவே பாத்திருக்கு."

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். விரல் இடுக்கு வழியாகப் பேசினாள். அவள் ஒரு இணையச் செயலி கட்டிக்கொண்டிருந்தாள். கல்யாண வீட்டுக்காரர் ஃபேஸ்புக் வழியாக உள்ளே வந்தால் போதும். அதுவே அவர்கள் நண்பர் பட்டியலை வாங்கி, ஒவ்வொருவர் சுவரிலும் துணிப் படத்தை ஒட்டி, யார் பணம் கட்டினார்கள் என்று எண்ணிக்கொண்டு வரும். சோதித்துப் பார்க்க ஒரு பெண்ணும் ஒரு மாப்பிள்ளையும் வேண்டியிருந்தது. பெண்ணுக்குத் தன் பெயரைப் போட்டாள்.

"மாப்பிள்ளைக்கு?"

"என் ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்லேர்ந்து கம்ப்யூட்டரே ஒருத்தரை எடுக்கிற மாதிரி எழுதியிருந்தேன். நீங்க வந்தீங்க."

"எத்தனை பேர் லிஸ்ட்ல?"

"அறுநூத்து நாப்பத்து மூணு."

அறுநூற்று நாற்பத்து மூன்றில் ஒன்று. ஃபொலாரின் ஈரச் சட்டையோடு நின்று அந்தக் கணக்கை ரசித்தான்.

"சோதனைன்னா எனக்கு மட்டும்தான் தெரியணும்," என்றாள் அவள். "சோதனைன்னு மாத்தி எழுதினேன். சேமிக்கிறதுக்குள்ள கரண்ட் போச்சு. பேட்டரி எப்பவோ செத்துருச்சு. ஜெனரேட்டர் போட்டு மறுபடி திறந்தா… பழைய ஃபைல் வந்திருக்கு. நான் கவனிக்காம அனுப்புங்கற பட்டனை அழுத்திட்டேன்."

அது லாகோஸ்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. மின்சாரம் போகாத ஊரில் அவன் இன்னும் பிரம்மச்சாரியாகவே இருந்திருப்பான்.

திரையின் ஓரத்தில் ஒரு எண் மாறியது. இருபத்தேழு, இருபத்தெட்டு ஆனது.

"அது என்ன?"

"பணம் கட்டினவங்க," என்றாள் அவள், செத்த குரலில். "பேங்க்ல என் கணக்குல கட்டிட்டு, சீட்டு எண்ணை இதுல போட்டுட்டே இருக்காங்க. அது என் சொந்தக் கணக்கு."

இருபத்தொன்பது.

"நிஜமாவா கட்டுறாங்க? முகம் தெரியாத கம்ப்யூட்டரை நம்பி?"

"கம்ப்யூட்டரை நம்பலை. என்னை நம்புறாங்க. இவங்க எல்லாம் எனக்குத் தெரிஞ்சவங்க. உங்களுக்குத் தெரிஞ்சவங்க." அவள் குரல் மெலிந்தது. "இதுல ஒரு நைரா திரும்பிப் போகலைன்னாலும், என் பேர் முடிஞ்சது. ஏமாத்துக்காரின்னு ஒருத்தர் சொன்னாப் போதும்… அப்புறம் இந்தச் செயலியை எவன் தொடுவான்? ரெண்டு வருஷம் இதுக்காகவே உக்காந்திருக்கேன்."

முப்பது.

ஃபொலாரின் படி இறங்கினான். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தான். கையில் நனைந்த வங்கிச் சீட்டு.

"என்ன இது?"

"நாலாயிரத்து ஐந்நூறு. சரக்கு எப்படின்னு காசு கொடுத்துப் பாத்தாத்தானே தெரியும்? போடுங்க எண்ணை."

அவள் போட்டாள். திரை மலர்ந்தது. 'நன்றி. உங்கள் எண் முப்பத்தொன்று. மணமக்கள் உங்களை அன்புடன் எதிர்பார்க்கிறார்கள்.'

"பரவாயில்ல," என்றான் மணமகன். "மரியாதை தெரிஞ்ச செயலி."

மொரெனிகே சிரித்துவிட்டாள். சிரிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே சிரித்த சிரிப்பு. வெளியே மழை கொஞ்சம் தயங்கி, மறுபடி பிடித்துக்கொண்டது.

*

பதிவை அழித்தாள். பயன் இல்லை. கணக்கு எண்ணை அதற்குள் ஆளுக்கு ஆள் குறுஞ்செய்தியில் அனுப்பியிருந்தார்கள். 'யாருக்கும் கல்யாணம் இல்லை. அது வெறும் சோதனை. எல்லோர் பணமும் திரும்பி வரும்' என்று புதிதாக எழுதிப் போட்டாள். அதற்குக் கீழே வரிசையாக வந்து விழுந்தது: ஆமென். ஆமென். சோதனையைத் தாண்டி வருவாய் மகளே, ஆமென்.

சனிக்கிழமை அவன் மறுபடி வந்தான். ஏன் வந்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. இன்னொரு நாற்காலி மட்டும் ஏற்கனவே போட்டிருந்தது. பணம் கட்டிய ஒவ்வொருவருக்கும் ஃபோன் செய்து கணக்கு எண் கேட்க வேண்டும். பாதிப் பேர் அவன் சொந்தம்.

"மாமா, கல்யாணம் இல்ல மாமா… இல்ல, சண்டை எல்லாம் இல்ல… இல்ல மாமா, பொண்ணு நல்ல பொண்ணுதான்… கல்யாணம்தான் இல்ல." ஃபோனைக் கையால் மூடிக்கொண்டு அவளிடம், "அடுத்த கல்யாணத்துக்கு வரவு வெச்சுக்கச் சொல்றார்," என்றான்.

"கணக்கு எண் வாங்கித் திருப்பித்தான் ஆகணும்னு சொல்லுங்க. பாக்கி வெக்கக் கூடாது."

நடுவில் மழை. ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் இல்லாமல் இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். படிக்குக் கீழே குடைக்குள் ஒரு அம்மாள் சோளம் சுட்டுக்கொண்டிருந்தாள். அவன் போய் வாங்கி வந்தான். சூடான சோளமும் தேங்காய்க் கீற்றும்… பழைய செய்தித்தாளில் சுற்றி. அந்த ஊரில் மழைக்காலத்துக்கு அதுதான் வாசனை. இன்றும் எங்காவது கரியில் சோளம் வெடிக்கும் சத்தம் கேட்டால், அவனுக்கு அந்த ஜன்னல்தான் ஞாபகம் வரும்.

"இது எப்படி வேலை செய்யுது? துணிக்காரனுக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க," என்றான்.

அவள் ஒரு சோள மணியை ஜன்னல் கட்டையில் வைத்தாள். "இது நீங்க. இது ஃபேஸ்புக்," இன்னொரு மணி. "இது என் செயலி. நான் நேரா உங்க லிஸ்ட்டைப் பாக்க முடியாது. ஃபேஸ்புக் வாசல்ல போய் நிப்பேன். அது உங்களைக் கேக்கும்: இந்தப் பொண்ணு வந்திருக்கா, உங்க பேரும் நண்பர்களும் வேணுமாம், விடலாமா? நீங்க சரின்னா, எனக்கு ஒரு சீட்டு கொடுக்கும். அந்தச் சீட்டைக் காட்டினாத்தான் உள்ள விடுவாங்க."

"எங்க கிடங்குல அப்படித்தான். அம்மா கையெழுத்துச் சீட்டு இல்லாம பொதி வெளிய போகாது."

"ஆனா என் சீட்டு ரெண்டு மணி நேரம்தான் செல்லும். அப்புறம் மறுபடி வந்து கேக்கணும்."

"கேட்டாக் கொடுப்பாங்களா?"

"கேக்கிற விதத்தைப் பொறுத்தது." அவள் சோளத்தைக் கடித்தாள். "சில செயலி பேராசை பிடிச்சது. முதல் தடவையே போட்டோ, பிறந்த நாள், ஊர், உறவு எல்லாத்தையும் கேக்கும். ஜனங்க பயந்துடுவாங்க. நான் தேவையானதை மட்டும்தான் கேப்பேன்."

அவன் தலையாட்டினான். கேட்க அவனுக்கும் ஒன்றிரண்டு இருந்தது. இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது போலிருந்தது.

"நீங்க எப்படி என் லிஸ்ட்ல வந்தீங்க?" என்றாள் அவள் திடீரென்று. "எனக்கு ஞாபகமே இல்ல."

"வியாபாரம். அம்மா கடைத் துணியை விக்கிறதுக்கு ஆயிரத்து இருநூறு பேருக்கு நட்புக் கேட்டு அனுப்பினேன்."

"நினைச்சேன்," என்றாள். சோளத்தின் மேலேயே கண்ணை வைத்திருந்தாள்.

அது முழுப் பொய்யில்லை. முழு உண்மையுமில்லை. துணிக்காரர்கள் அளக்கும்போது கட்டைவிரலால் கொஞ்சம் மறைப்பார்களே… அவ்வளவுதான்.

*

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வீட்டில், அம்மா சாதாரணமாகக் கேட்டாள்.

"எத்தனை பேர் கட்டியிருக்காங்க?"

"நூத்துப் பன்னிரண்டு. ஆனா அம்மா, எல்லாத்தையும் திருப்பிக்…"

நூற்றுப் பன்னிரண்டு என்பதற்குப் பிறகு மம்மி ஃபோலாவுக்கு எதுவும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் யாபா மாடிப்படியில் மூச்சிரைக்கும் சத்தம். மம்மி ஃபோலாவே வந்திருந்தாள், அக்குளில் ஒரு துணிக்கட்டோடு. மொரெனிகே இரு முழங்காலும் தரையில் பட வணங்கினாள். மம்மி ஃபோலா அவளைச் சுற்றிப் பார்த்தாள். லேஸ் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற அதே பார்வை.

"எழுந்திரும்மா. வளர்ப்பு நல்லா இருக்கு." கட்டை அவிழ்த்தாள். வெங்காயத் தோல் நிற லேஸ். "நீ படத்துல போட்டது ரெண்டாந்தரம். இது ஆஸ்திரியா சரக்கு. நூத்துப் பன்னிரண்டும் அஞ்சஞ்சு கஜமா வெட்டியாச்சு."

"அம்மா, வெட்டிட்டியா?" என்றான் ஃபொலாரின்.

"பலோகுன்ல எல்லாரும் கேக்குறாங்க. நான் எங்க போய் முகத்தை வெச்சுக்கிறது? வெட்டின துணியைப் பொதிக்காரன் திருப்பி எடுப்பானா?"

"ஆன்ட்டி… கல்யாணமே இல்லைன்னு…"

"இல்லைன்னா உண்டாக்க வேண்டியதுதானே? என் மகன் மூணு நாளா கடைக்கு வரல. இங்கதான் இருக்கான். எனக்குக் கண்ணு தெரியாதா?"

அறை கனமாகிப்போனது. கனத்தைக் குறைக்க ஃபொலாரினுக்குத் தெரிந்தது ஒரே வழி. சந்தையில் பிறந்தவன் செய்வதைச் செய்தான். தமாஷ்.

"கணக்குப் பாத்தா அம்மா சொல்றது சரிதான். ரத்து பண்ணினா மூணு லட்சத்துத் துணி வீண். கல்யாணம் பண்ணிக்கிறதுதான் மலிவு."

அம்மா தொடையில் தட்டிச் சிரித்தாள். மொரெனிகே சிரிக்கவில்லை.

வரி வசூலிக்க நகராட்சி ஆள் வருகிறான் என்றால் பலோகுனில் ஒரே நேரத்தில் நூறு கடை ஷட்டர் இறங்கும். அப்படி இறங்கியது அவள் முகம்.

"அந்த ஜனங்க துணிக்குக் காசு கட்டலை," என்றாள் மெதுவாக. "மொரெனிகேவுக்குக் கல்யாணம்னு சந்தோஷப்பட்டுக் கட்டினாங்க. அதை மிச்சத் துணியோட சேத்துத் தள்ளிவிட எனக்கு இஷ்டமில்ல. ஆன்ட்டி, மன்னிச்சுக்கங்க. எனக்கு பேங்க் போகணும்."

"நான் சும்மா சொன்னேன், மொரெனிகே…"

"தெரியும். மூணு நாளா வந்ததும் எதுக்குன்னு இப்பத் தெரியுது. நூத்துப் பன்னிரண்டு வாடிக்கைக்காரங்க… யார் விடுவாங்க?"

அன்று மாலை அவன் பிளாக்பெர்ரியில் நண்பர் பட்டியலைத் திறந்தான். உருண்டையை உருட்டி உருட்டி 'ம' வரைக்கும் போனான். அவள் இல்லை. ஆயிரத்து இருநூறு பேர் இருந்தார்கள். கூட்டமாகத்தான் இருந்தது. காலியாகவும் இருந்தது.

நட்புக் கேட்டு அனுப்பினான். 'பதிலுக்குக் காத்திருக்கிறது' என்றது திரை. அடுத்த நாளும் அதையே சொன்னது. அதற்கடுத்த நாளும்.

*

அவளோ நான்கே நாளில் கிட்டத்தட்ட எல்லோர் பணத்தையும் வரிசையில் நின்று திருப்பிக் கட்டிவிட்டாள். அபெயோகுடாப் பெரியம்மாவுக்கும் வந்து சேர்ந்தது. லாகோஸில் கொடுத்த காசு கேட்காமலே திரும்பி வந்தது என்பது கல்யாணத்தைவிடப் பெரிய செய்தி. அந்தப் பெண் யார், அந்தச் செயலி எது என்று நிஜக் கல்யாண வீட்டுக்காரர்கள் விசாரிக்க ஆரம்பித்தார்கள். மொரெனிகேயின் பெயர் முடியவில்லை. தொடங்கியிருந்தது.

முடிந்துபோனது போலிருந்தவன் ஃபொலாரின்தான். கடை மூலையில் நூற்றுப் பன்னிரண்டு துண்டுகள் அடுக்கி இருந்தன. அது இருக்கிற வரைக்கும் தான் எது சொன்னாலும் அவள் காதில் துணி விலையாகத்தான் விழும் என்று அவனுக்குப் புரிந்தது.

மூன்றாவது வாரம், இஜெபுவிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. தொண்ணூற்று நான்கு வயதுப் பாட்டனாருக்குச் சாவுச் சடங்கு. நிறைவாழ்வு வாழ்ந்து போனவர், ஊரே ஒரே துணியில் ஆட வேண்டும், அவசரம். ஒரு துண்டுக்கு இரண்டாயிரத்து எண்ணூறுக்கு மேல் ஒரு நைரா தர மாட்டோம் என்றார்கள். அடக்கவிலையே மூவாயிரம்.

"எடுத்துக்கங்க," என்றான் ஃபொலாரின்.

அம்மா வந்தபோது மூலை காலியாக இருந்தது. ஃபொலாரின் கடை நடுவில், பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்கிற முறைப்படி, நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுந்தான்.

"துண்டுக்கு இருநூறு நஷ்டத்துக்குக் கொடுத்துட்டேன்மா. மொத்தம் இருபத்திரண்டாயிரத்து நானூறு. இந்தா." பணத்தை நீட்டினான், விழுந்தபடியே.

"ஏது இது?"

"பிளாக்பெர்ரியை வித்துட்டேன்."

மம்மி ஃபோலா காலி மூலையைப் பார்த்தாள். முப்பது வருஷத்தில் அடக்கவிலைக்குக் கீழே அவள் கடையில் ஒரு முழம் போனதில்லை.

"எழுந்திரு," என்றாள் கடைசியில். "சட்டை அழுக்காகுது." அவன் எழுந்ததும், பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள், "அந்தப் பொண்ணு எங்கிட்ட முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொன்னா பாரு… விலை குறைக்காத ஆளு. எனக்குப் பிடிச்சிருந்தது. போய்ப் பாரு. தமாஷ் பண்ணாதே."

*

மாடிப்படி ஏறும்போது மழை. அதே மழையா என்று கேட்டால் அவன் ஆமாம் என்றுதான் சொல்வான்.

கதவு திறந்திருந்தது. மொரெனிகே திரும்பிப் பார்த்தாள். அந்தக் காயாத கறுப்பு.

"ரெண்டு நாளா ஏன் பதில் போடலை?" என்றாள் முதல் வார்த்தையாக.

"எதுக்கு?"

"நட்பை ஏத்துக்கிட்டேன். செய்தியும் அனுப்பினேன். பாக்காத மாதிரி நடிக்காதீங்க."

"பாக்கலை. ஃபோன் இல்ல."

"தொலைச்சிட்டீங்களா?"

"வித்துட்டேன். துணியில நஷ்டம்… அடைக்க வேண்டியிருந்தது."

"எந்தத் துணி?"

"நம்ம துணி." அவன் வாசல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே வரவில்லை. "இஜெபுல ஒரு தாத்தாவோட சாவுக்குக் கொடுத்தாச்சு. நூத்துப் பன்னிரண்டும். இப்ப எங்க கடையில வெங்காயத் தோல் நிறத்துல ஒரு கைக்குட்டை கூட இல்ல. விக்கிறதுக்கு எங்கிட்ட எதுவுமில்லாம வந்திருக்கேன், மொரெனிகே. இப்படி நான் எங்கயும் போனதில்ல. கை எங்க வெக்கிறதுன்னு கூடத் தெரியல."

 ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது.

"என்ன செய்தி அனுப்பினீங்க?" என்றான்.

"நூத்துப் பதினோரு பேருக்குத் திருப்பியாச்சு. முப்பத்தொண்ணாம் நம்பர் மட்டும் நிக்குது. கணக்கு எண் அனுப்பவும்னு…" குரல் தடுமாறியது. "அதுக்குத்தான் நட்பை ஏத்துக்கிட்டேன். வேற எதுக்குமில்ல."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"சரி. கணக்கு எண் தர்றேன். முதல்ல ஒண்ணு பாக்கணும் நீங்க. நான் உங்களுக்கு அனுப்பின செய்தி எல்லாம் திறங்க. ரெண்டு வருஷத்துது."

அவள் திறந்தாள். "ஒண்ணுமே இல்லையே."

"ஆயிரத்து இருநூறு பேருக்குத் துணி விளம்பரம் அனுப்பினேன். ஒவ்வொரு சீசனுக்கும். எங்க பாஸ்டருக்குக்கூட. உங்களுக்கு மட்டும் அனுப்பலை."

"ஏன்?"

"வாங்கலைன்னு சொல்லிட்டா… மத்தவங்க சொன்னா அடுத்த ஆளு. நீங்க சொன்னா கஷ்டமா இருக்கும் போலிருந்தது. உங்க ஃபேஸ்புக் போட்டோல சோளம் தின்னுக்கிட்டே சிரிப்பீங்க. வாய் நிறைய. அதைப் பாத்துட்டு எப்படி விலை சொல்றது?"

மொரெனிகே தலையைக் குனிந்துகொண்டாள். விரல் விசைப்பலகையின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தது. வெளியே குடைக்குள் சோளம் வெடித்தது.

"நானும் ஒண்ணு சொல்லணும்," என்றாள். "கம்ப்யூட்டர் உங்களை எடுக்கலை."

"அறுநூத்து நாப்பத்து மூணு…"

"முதல் தடவை எங்க பழைய ஹெட்மாஸ்டர் வந்தார். மறுபடி அழுத்தினேன். பல் டாக்டர் வந்தார். மறுபடி அழுத்தினேன்… மூணாவது தடவை நீங்க." அவள் நிமிரவே இல்லை. "சோதனைதானே, யாரா இருந்தா என்ன, ஹெட்மாஸ்டரே போதாதா? ஆனா நாலாவது தடவை நான் அழுத்தலை. உங்க போட்டோவையே பாத்துக்கிட்டிருந்தேன். அப்பத்தான் கரண்ட் போச்சு."

ஃபொலாரினுக்குப் பேச்சு வரவில்லை. அவன் வாழ்க்கையில் அது இரண்டாவது முறை. இரண்டும் அதே வாசலில்.

"உள்ள வரலாமா?" என்றான் ஒருவழியாக.

"என்னென்ன வேணும்?"

"இப்போதைக்குப் பேர் மட்டும் போதும். மொரெனிகேன்னு கூப்பிட்டுக்கிறேன். 'நீ'ன்னு சொல்லிக்கிறேன். மத்ததெல்லாம் அப்புறமா, ஒண்ணொண்ணா வந்து கேக்கிறேன். பேராசை கிடையாது."

அவள் நிமிர்ந்தாள். கண்ணில் ஈரம் மினுங்கியது.

"ரெண்டு மணி நேரம்தான் செல்லும்," என்றாள்.

"மறுபடி வந்து கேப்பேன்."

"வா," என்றாள்.

*

அடுத்த வருஷம் கல்யாணம். துணி மம்மி ஃபோலா கடையில். செயலி அதன் பிறகு ஐந்தாறு வருஷம் ஓடியது. பின்னாளில் மற்றவர் சுவரில் ஒட்டுவது, நண்பர் பட்டியலைக் கேட்டு வாங்குவது என்று அந்தக் கதவுகளை ஃபேஸ்புக்காரர்கள் ஒவ்வொன்றாகச் சாத்திவிட்டார்கள். நியாயம்தான். ஆனால் திறந்திருந்த காலம் நன்றாக இருந்தது. இப்போது ஒவ்வொரு ஜூலையிலும், 'இதே நாளில்' என்று அந்தப் பழைய பதிவை ஃபேஸ்புக் தூசு தட்டிக் காட்டும்: யாருக்கும் கல்யாணம் இல்லை. கீழே வரிசையாக ஆமென்கள்.

மொரெனிகேயின் பழைய நோட்டில் கணக்கு இன்னும் மூடப்படாமல் இருக்கிறது. வரவு, நூற்றுப் பன்னிரண்டு பேர், ஐந்து லட்சத்து நாலாயிரம் நைரா. திருப்பியது, நூற்றுப் பதினோரு பேர், நாலு லட்சத்துத் தொண்ணூற்று ஒன்பதாயிரத்து ஐந்நூறு. பாக்கி, எண் முப்பத்தொன்று, கணக்கு எண் தரவில்லை. அவருக்குச் சேர வேண்டியது ஐந்து கஜம், வெங்காயத் தோல் நிறம். கல்யாணத்தன்று கொடுத்திருக்கலாம். ஆனால் மாப்பிள்ளை விருந்தாளித் துணி உடுத்தும் வழக்கம் இல்லை. ஆகவே, பாக்கி நிற்கிறது.